வண்டி உங்கள் பெயரில் இருக்கட்டும்

திருப்பூர் பனியன் கம்பெனிகளுக்கு வேனிலும் டவுன் பஸ்ஸிலும் வேலைக்குப் போய்வரும் சகோதரிகளுக்கு,



"ஏனுங்கக்கா, இந்த போனஸ்ல ஒரு வண்டி எடுத்துப்போடலாமுங்களா?"

தீபாவளி நெருங்கினால் செக்கிங் டேபிளில் இந்தக் கேள்வி வந்துவிடும். நான் லைன் சூப்பர்வைசர். பல வருஷமாக ஸ்கூட்டரில்தான் வேலைக்கு வருகிறேன் என்பதால் கேள்வி என்னிடம் வந்து நிற்கிறது. டீ டைமில் பதில் சொல்ல ஆரம்பித்தால் பாதியிலேயே பெல் அடித்துவிடுகிறது. கம்பெனி கேட்டுக்கு வெளியே ஷோரூம்காரர்கள் குடை நட்டு, புது வண்டி இரண்டை நிறுத்தி, முன்பணம் கொஞ்சம் கட்டினால் போதும் என்று நோட்டீஸ் கொடுக்கிறார்கள். அந்த நோட்டீஸைக் கையில் மடித்து வைத்துக்கொண்டுதான் நீங்கள் என்னிடம் கேட்கிறீர்கள். அதில் இல்லாததை எல்லாம் ஒரே இடத்தில் எழுதிவிடலாம் என்று உட்கார்ந்தேன்.

முதலில் காசுக் கணக்கு. பஸ் செலவு மிச்சமாகும் என்று நினைத்து யாரும் வண்டி வாங்க வேண்டாம். 2021 மே மாதத்திலிருந்து சாதாரண டவுன் பஸ்ஸில் நமக்கு டிக்கெட் காசு இல்லை. கம்பெனி வேனுக்கும் பெரும்பாலான இடங்களில் நாம் காசு கொடுப்பதில்லை. அப்படியானால் வண்டிக்குப் போகும் ஒவ்வொரு ரூபாயும் புதுச் செலவு.

ஒரு 110 சிசி ஸ்கூட்டர், ரோட்டில் இறங்கும்போது 95,000 ரூபாய் ஆகிறது என்று வைத்துக்கொள்வோம். 25,000 கையிலிருந்து கட்டுகிறீர்கள், 70,000 கடன். "பத்து பர்சென்ட் வட்டிதாங்க, ரெண்டு வருஷம்" என்பார்கள். 70,000க்கு வருஷம் 7,000, இரண்டு வருஷத்துக்கு 14,000. மொத்தம் 84,000. இதை 24 ஆல் வகுத்தால் மாதத் தவணை 3,500. கேட்பதற்குச் சுலபமாகத்தான் இருக்கிறது. ஆனால் மாதாமாதம் நீங்கள் அசலையும் கொஞ்சம் கொஞ்சமாகக் கட்டிக்கொண்டே வருகிறீர்கள். கடைசி மாதங்களில் உங்களுக்குப் பாக்கி இருப்பது சில ஆயிரம் கடன்தான். அப்போதும் வட்டி முழு 70,000க்கும் போட்டபடியே நிற்கிறது. மீதியிருக்கும் அசலுக்கு மட்டும் வட்டி என்று கணக்குப் போட்டால் இதே கடன் 18 சதவீதத்தைத் தொடும். ஆகவே வட்டி எவ்வளவு என்று கேட்பதோடு நிறுத்தாதீர்கள். "ஃப்ளாட் ரேட்டா, குறையும் அசலுக்கு வட்டியா?" என்று கேளுங்கள். மொத்தமாக எவ்வளவு கட்டி முடிப்பேன் என்று எழுதித் தரச் சொல்லுங்கள். உங்கள் சம்பளம் ஏறும் பேங்கிலும் ஒருமுறை விசாரித்துவிட்டு வாருங்கள்.

அடுத்தது பெட்ரோல். போக 15, வர 15 என்று நாளுக்கு 30 கிலோமீட்டர், மாதம் 26 நாள் என்றால் 780 கிலோமீட்டர். லிட்டருக்கு 45 கிலோமீட்டர் ஓடினால் 17 லிட்டருக்குக் கொஞ்சம் மேல். லிட்டர் நூறு ரூபாய்க்குக் கணக்கிட்டால் ஏறக்குறைய 1,750 ரூபாய் வரும். சர்வீஸ், ஆயில், டயர், அடுத்த வருஷ இன்சூரன்ஸ் என்று மாதம் நானூறு ஐநூறு ஒதுக்க வேண்டும். ஆக, கடன் இருக்கும் இரண்டு வருஷமும் மாதம் 5,700 ரூபாய் வண்டிக்கே போகும். இந்தத் தொகையை உங்கள் ஒரு ஷிப்ட் சம்பளத்தால் வகுத்துப் பாருங்கள். ஷிப்டுக்கு 550 வாங்குகிறவருக்குப் பத்து ஷிப்டுக்கு மேல் ஆகிறது. வீட்டு வாடகை, பிள்ளைகள் ஃபீஸ், மகளிர் குழுக் கடன், சீட்டு எல்லாம் போக அது உங்களால் முடியுமா என்பதை உங்களைவிட யாருக்கும் நன்றாகத் தெரியாது. முடியாது என்றால் இந்த போனஸில் வாங்காதீர்கள். போனஸை பேங்கில் போட்டுவிட்டு அடுத்த வருஷ போனஸையும் சேர்த்துக்கொண்டால் பாதி விலை கையில் இருக்கும், தவணையும் மூன்றில் ஒரு பங்கு குறையும். வீட்டிலிருந்து கம்பெனி இரண்டு மூன்று கிலோமீட்டர்தான், வழியில் நேர் பஸ் இருக்கிறது என்கிறவர்களுக்கும் என் பதில் வேண்டாம் என்பதே. அவர்களுக்கு ஒரு நல்ல சைக்கிள் போதும்.

இவ்வளவு செலவைச் சொல்லிவிட்டு, ஆனாலும் உங்களில் பலர் வண்டி வாங்கத்தான் வேண்டும் என்று நான் நினைப்பதற்குக் காரணம் இருக்கிறது.

குன்னத்தூர், சேவூர், ஊத்துக்குளிப் பக்கமிருந்து வேனில் வருகிறவர்களுக்குத் தெரியும், முதலில் ஏறுகிறவர்தான் கடைசியில் இறங்குவார். விடியற்காலை எழுந்து சமைத்து, டிபன் பாக்ஸ் கட்டி, ஏழு மணிக்கெல்லாம் வேனுக்கு நிற்க வேண்டும். ஊர் ஊராகச் சுற்றி ஆள் ஏற்றிக்கொண்டு எட்டரைக்குள் வந்து சேரும். ஒன்றரை ஷிப்ட் முடிந்து ராத்திரி எட்டரைக்கு விட்டால், யாராவது ஒருவர் பீஸ் எண்ணிக் கொடுத்துவிட்டு வரும்வரை வேன் நகராது. வீடு சேரும்போது பிள்ளை தூங்கியிருக்கும். நேர் ரோட்டில் அரைமணி தூரம் அது. நாளுக்கு ஒன்றரை மணி, சிலருக்கு இரண்டு மணி நேரம் இப்படி வேனிலேயே கூடுதலாகக் கழிகிறது. அதற்குச் சம்பளமும் கிடையாது, ஓய்வும் கிடையாது.

இன்னொன்றைப் பற்றி நாம் அதிகம் பேசுவதில்லை. வேன் எந்தக் கம்பெனியுடையதோ அந்தக் கம்பெனியில்தான் நீங்கள் வேலை பார்க்க முடியும். பக்கத்து ரோட்டில் இருக்கும் கம்பெனி பவர் டேபிளுக்கு ஷிப்டுக்கு ஐம்பது ரூபாய் கூடக் கொடுக்கிறது, டாய்லெட் சுத்தமாக இருக்கிறது, சனிக்கிழமை சம்பளம் தவறாமல் வருகிறது என்று தெரிந்தாலும், அவர்கள் வேன் உங்கள் ஊருக்கு வராவிட்டால் போக வழியில்லை. ஆர்டர் இல்லாத வாரத்தில் மூன்று நாள்தான் வேலை என்று சொன்னாலும் அங்கேயே இருக்க வேண்டியதுதான். நேதாஜி அப்பேரல் பார்க்கில் ஆள் எடுக்கிறார்கள், வீரபாண்டியில் எடுக்கிறார்கள், மங்கலம் ரோட்டில் எடுக்கிறார்கள் என்று போர்டு தொங்கும். நம்மில் எத்தனை பேரால் போய்க் கேட்க முடிகிறது? நல்ல டெய்லருக்குத் திருப்பூரில் எப்போதும் கிராக்கி உண்டு. சொந்தமாகப் போய்வர முடிகிறவருக்கே அந்தக் கிராக்கி பலன் தரும். சூப்பர்வைசராக இருந்துகொண்டு இதைச் சொல்வது எங்கள் முதலாளிக்குப் பிடிக்காமல் போகலாம். இருந்தாலும் சொல்கிறேன், வண்டி வந்த பிறகு சம்பளம் பேசும்போது உங்கள் குரலே மாறும். என் லைனில் அதை என் கண்ணால் பார்த்திருக்கிறேன்.

"பொம்பளைக்கு எதுக்கு வண்டி" என்கிற பேச்சு இன்றைக்கும் சில வீடுகளில் உண்டு. 1990களின் தொடக்கத்தில் புதுக்கோட்டை மாவட்டத்தில் சைக்கிளுக்கே இந்தப் பேச்சு இருந்தது. ஷீலா ராணி சுங்கத் அங்கே கலெக்டராக இருந்தபோது, அறிவொளி இயக்கம் எழுத்து கற்றுக்கொடுத்ததோடு சைக்கிளும் ஓட்டக் கற்றுக்கொடுத்தது. கல் குவாரியிலும் வயலிலும் வேலை பார்த்த பெண்கள் ஒரு லட்சத்துக்கும் மேல் ஓட்டக் கற்றார்கள். லேடீஸ் சைக்கிள் கிடைக்காமல் ஆண்கள் சைக்கிளை வாங்கி ஓட்டியவர்கள் உண்டு. ஊரார் கேலிக்கு அவர்கள் நிற்கவில்லை. நம்மில் முப்பது வயதைத் தாண்டிய பலர் பிளஸ் ஒன்னில் அரசாங்க சைக்கிள் வாங்கி ஓட்டியவர்கள்தானே? அந்த பேலன்ஸ் உடம்பில் அப்படியே இருக்கிறது. கியரும் உதையும் இல்லாத வண்டி இந்தியாவுக்கு வந்தது 1984இல், கைனடிக் ஹோண்டா மூலமாக. பட்டனைத் தட்டினால் ஸ்டார்ட் ஆகும், கிளட்ச் கிடையாது. 1994இல் நம் ஓசூர் டிவிஎஸ்ஸிலிருந்து ஸ்கூட்டி வந்தது. 2018இல் அம்மா ஸ்கூட்டர் திட்டத்தில் வண்டி விலையில் பாதி, அதிகபட்சம் 25,000 ரூபாய் மானியம் என்று அரசாங்கம் அறிவித்தபோது, எல்.எல்.ஆர். (பழகுநர் உரிமம்) எடுக்க ஆர்.டி.ஓ. ஆபீஸ் வாசலில் பெண்கள் வரிசை கட்டி நின்றார்கள். உதவி கிடைத்தால் ஓட்டுவதற்கு நாம் தயாராக இருந்தோம் என்பதற்கு அந்த வரிசையே சாட்சி.

இனி என்ன செய்வது என்பதற்கு வருகிறேன். ஷோரூமுக்குக் கடைசியில் போங்கள். முதலில் கற்றுக்கொள்ளுங்கள். வண்டியை வீட்டில் நிறுத்திவிட்டு மெதுவாகப் பழகிக்கொள்ளலாம் என்று எடுத்த வண்டிகள் பல வீடுகளில் அண்ணன் தம்பியின் வண்டியாகிவிட்டன. ஓட்டத் தெரிந்தவராகக் கடைக்குள் போனால், எந்த வண்டி உங்கள் உடம்புக்கு ஒத்துவரும் என்று நீங்களே சொல்வீர்கள். விற்கிறவர் சொல்லுக்குத் தலையாட்ட வேண்டியிருக்காது.

பழக நல்ல இடம், பிளாட் போட்டுக் கல் நட்டு இன்னும் வீடு எழும்பாத சைட்டுகள். தார் ரோடு இருக்கும், ஆள் இருக்காது. நம் ஊரைச் சுற்றி அவற்றுக்குப் பஞ்சமில்லை. முதல் நாள் இன்ஜினை ஆன் செய்யாதீர்கள். வண்டியின் இடதுபக்கம் நின்று, இரண்டு பிரேக் மேலும் விரல் வைத்து, தள்ளிக்கொண்டு நடந்து பாருங்கள். திருப்பிப் பாருங்கள். சென்டர் ஸ்டாண்ட் போடுங்கள். பெண்கள் பலர் பயப்படுவது இந்த ஸ்டாண்டுக்குத்தான். நூறு கிலோவைத் தூக்க வேண்டும் என்று நினைத்துக் கையால் இழுக்கிறார்கள், இடுப்பு பிடித்துக்கொள்கிறது. தூக்கவே வேண்டாம். இடது கை ஹேண்டிலில், வலது கை பின்னாலிருக்கும் கம்பியில். ஸ்டாண்டின் இரண்டு காலும் தரையைத் தொடும்வரை வலது காலால் லேசாக அழுத்துங்கள். இரண்டும் சமமாகத் தொட்டது காலுக்குத் தெரியும். அப்போது உங்கள் முழு எடையையும் அந்தக் காலில் இறக்குங்கள். வண்டி தானாகப் பின்னால் ஏறி நிற்கும். ஐம்பது கிலோ எடையுள்ளவர் நூற்றுப்பத்து கிலோ வண்டியை இப்படித்தான் நிறுத்துகிறார். இது கைவந்துவிட்டால் பயத்தில் பாதி போய்விடும்.

அடுத்தது ஆக்ஸிலேட்டர். சைக்கிள் பழகியவர்களுக்கு பேலன்ஸில் சிக்கல் வராது. வலது மணிக்கட்டில்தான் வரும். ஒரு நாய் குறுக்கே வந்தால் பதறி ஹேண்டிலை இறுக்கிப் பிடிப்போம். இறுக்கும்போதே மணிக்கட்டு கீழே முறுகும், வண்டி சீறும். கிளட்ச் இல்லாத வண்டி என்பதால் வேகத்தை அறுத்துவிட வேறு வழியில்லை, முறுக்கியதை விட வேண்டும். "விடு, பிடி" என்று வாயால் சொல்லிக்கொண்டே பழகுங்கள். ஆக்ஸிலேட்டரை விடு, பிரேக்கைப் பிடி. 2019 ஏப்ரலிலிருந்து 125 சிசி வரை விற்கும் எல்லா வண்டியிலும் சேர்ந்து பிடிக்கும் பிரேக்கோ ஏபிஎஸ்ஸோ கட்டாயம். பெரும்பாலான ஸ்கூட்டரில் இடது லீவரை அழுத்தினால் முன், பின் இரண்டு சக்கரமும் பிடிக்கும். வளைவில் மணல் கிடக்கும் இடத்தில், ஹேண்டில் திரும்பியிருக்கும்போது, வலது லீவரை மட்டும் சட்டென்று அழுத்தாதீர்கள். புதிதாக ஓட்டுகிறவர்கள் விழுவது பெரும்பாலும் இப்படித்தான்.

எல்.எல்.ஆர். இணையத்திலேயே விண்ணப்பிக்கலாம். ஆதாரில் இருக்கும் போன் நம்பர் உங்கள் கையில் இருக்கும் நம்பர்தானா என்று முதலில் பார்த்துக்கொள்ளுங்கள். எல்.எல்.ஆர். ஆறு மாதம் செல்லும், 30 நாள் கழிந்த பிறகு லைசென்ஸ் டெஸ்டுக்குப் போகலாம். டெஸ்டில் கால் ஊன்றாமல் எட்டுப் போட வேண்டும். பார்வை எப்போதும் போகப்போகும் வளைவின்மேல் இருந்தால் எட்டு வந்துவிடும். முன் சக்கரத்தைக் குனிந்து பார்த்தால் கால் தரைக்கு வந்துவிடும். யாருக்கோ காசு கொடுத்து டெஸ்ட் இல்லாமல் வாங்கித் தருகிறேன் என்று சொல்கிறவரிடம் போகாதீர்கள். எட்டுப் போடத் தெரியாமல் அனுப்பர்பாளையம் சிக்னலில் லாரிக்கும் பஸ்ஸுக்கும் நடுவில் என்ன செய்வீர்கள்? லைசென்ஸ் இல்லாமல் பிடிபட்டால் அபராதம் 5,000 ரூபாய் என்பதும் நினைவிருக்கட்டும்.

எந்த வண்டி என்று பெயர் சொல்லச் சொல்லித்தான் அதிகம் கேட்கிறீர்கள். நான் உங்கள் காலைப் பார்த்துத்தான் சொல்ல முடியும். வேலைக்கு எதை உடுத்திப் போகிறீர்களோ அதே சேலையிலோ சுடிதாரிலோ ஷோரூமுக்குப் போய், வண்டியில் உட்காருங்கள். இரண்டு பாதத்தின் முன்பகுதியும் ஒரே நேரத்தில் தரையில் பதிய வேண்டும். ஒரு பக்கம் சாய்ந்தால்தான் தொடுகிறது என்றால் அந்த வண்டி வேண்டாம், நிறம் எவ்வளவு பிடித்திருந்தாலும் சரி. ஆக்டிவா, ஜூப்பிடர் போன்ற 110 சிசி வண்டிகள் 105 கிலோ அளவில் இருக்கின்றன. யமஹா ஃபாஸினோ 125 சிசியாக இருந்தும் 99 கிலோதான். குழி நிறைந்த கிராமத்து ரோட்டில் வருகிறவர்கள் முன் சக்கரம் 12 அங்குலமா என்று கேளுங்கள். 10 அங்குலச் சக்கரம் குழியில் இறங்கினால் கைக்கு அடி அதிகம். நம் ஊரில் துணிக்கட்டு சுமக்கும் டிவிஎஸ் எக்ஸ்எல்லை யாரும் தள்ளிவைக்க வேண்டாம். பட்டன் ஸ்டார்ட் உள்ள எக்ஸ்எல் 100 எடை குறைவு, விலை குறைவு, பெட்ரோலும் குறைவாகக் குடிக்கும். சீட்டுக்கு அடியில் ஹேண்ட்பேக் வைக்க இடம் கிடையாது, நெடுஞ்சாலையில் வேகமும் போதாது. உள்ளூர் ரோட்டிலேயே போய்வருகிறவருக்கு அது நல்ல வண்டி.

எலக்ட்ரிக் வண்டி பற்றி ஆசையோடு கேட்கிறீர்கள். ஓசூரிலும் கிருஷ்ணகிரிப் பக்கத்திலும் நம் மாநிலத்திலேயே செய்கிறார்கள். நூறு கிலோமீட்டர் ஓட மூன்று யூனிட் அளவு கரண்ட் போதும். பெட்ரோல் செலவோடு ஒப்பிடவே முடியாது. ஆனால் நம்மில் பெரும்பாலோர் குடியிருப்பது லைன் வீடு. வண்டி நிற்கும் இடத்தில் பிளக் பாயின்ட் இருக்கிறதா? வீட்டு ஓனர் சம்மதிப்பாரா? யூனிட்டுக்கு எவ்வளவு வாங்குவார்? ஜன்னல் வழியாக ஒயர் இழுத்து மழையில் சார்ஜ் போடுவது உயிரோடு விளையாடுவது. வீட்டு ஓனரிடம் பேசி மீட்டர் போட்ட பாயின்ட் வாங்க முடிந்தால் தாராளமாக எலக்ட்ரிக் எடுங்கள். இல்லாவிட்டால் கழற்றி எடுத்துப் போய் வீட்டுக்குள் சார்ஜ் போடும் பேட்டரி உள்ள வண்டியைப் பாருங்கள். லைசென்ஸ் வேண்டாம், ரிஜிஸ்ட்ரேஷன் வேண்டாம் என்று ஒரு வகை விற்கிறார்கள். 250 வாட் மோட்டார், 25 கிலோமீட்டர் வேகத்துக்கு மேல் போகாது என்பதால்தான் சட்டம் விலக்குக் கொடுத்திருக்கிறது. கடைவீதிக்குப் போய்வர அது போதும். ராத்திரி அவிநாசி ரோட்டில் அந்த வேகத்தில் போனால் பின்னால் வருகிறவனுக்கு நீங்கள் நிற்கிற மாதிரிதான் தெரியும். வேலைக்குப் போக அதை வாங்காதீர்கள்.

இப்போது, இந்த மடலை எழுத வைத்த விஷயம். வண்டியை உங்கள் பெயரில் வாங்குங்கள்.

எங்கள் லைனில் ஓவர்லாக் ஓட்டும் ஒரு தங்கை தன் போனஸில், தன் தவணையில் ஸ்கூட்டர் எடுத்தாள். ரிஜிஸ்ட்ரேஷன் வீட்டுக்காரர் பெயரில். ஆறு மாதத்தில் அவர் வேலை மாறினார், "எனக்குத் தூரம் அதிகம்" என்று வண்டியை எடுத்துக்கொண்டு போனார். தவணை மட்டும் இவள் சம்பளத்தில் பிடித்தமாகிறது. இவள் மறுபடி ஏழு மணிக்கு வேனுக்கு நிற்கிறாள். அவர் கெட்டவர் இல்லை, குடிப்பதில்லை, பிள்ளைகளை நன்றாகப் பார்த்துக்கொள்கிறார். வீட்டில் ஒரே வண்டி என்றால் அது ஆணுக்குத்தான் என்பது யாரும் பேசி முடிவு செய்யாமலே நடந்துவிடுகிறது. பேப்பரில் உங்கள் பெயர் இருந்தால், பேசித்தான் முடிவு செய்ய வேண்டியிருக்கும்.

இதில் இன்சூரன்ஸ் விஷயமும் இருக்கிறது, அதை விற்கிறவர் யாரும் விளக்கிச் சொல்வதில்லை. புது வண்டி எடுக்கும்போது, எதிராளிக்கு ஆகும் சேதத்துக்கான தேர்டு பார்ட்டி இன்சூரன்ஸ் ஐந்து வருஷத்துக்குக் கட்டாயம், 2018 செப்டம்பரிலிருந்து இந்த விதி இருக்கிறது. அதோடு 15 லட்ச ரூபாய்க்குத் தனிநபர் விபத்துக் காப்பும் எடுக்க வேண்டும். அந்த 15 லட்சம் வண்டியின் உரிமையாளர், லைசென்ஸோடு, தானே ஓட்டும்போது அவருக்கு ஏதாவது ஆனால் கிடைப்பது. வண்டி வீட்டுக்காரர் பெயரில் இருந்து தினமும் நீங்கள் ஓட்டினால், அந்தக் காப்பு உங்களுக்கு இல்லை. நாளுக்கு 30 கிலோமீட்டர் ரோட்டில் இருக்கப்போவது நீங்கள். பெயரும் உங்களுடையதாக இருக்க வேண்டாமா? மகன் கேட்பான், அது வேறு கதை. பதினெட்டு ஆகாத பையன் கையில் சாவி போனால் 25,000 ரூபாய் அபராதமும் மூன்று வருஷம் வரை சிறையும் வண்டி உரிமையாளருக்கும் பெற்றவருக்கும்தான். வீட்டில் இதைச் சொல்லியே மறுத்துவிடலாம்.

கடன் முடிந்ததும் ஆர்.சி.யில் இருக்கும் கடன் கொடுத்தவர் பெயரை நீக்க வேண்டும். கடன் கொடுத்தவரிடம் என்.ஓ.சி. வாங்கி ஆர்.டி.ஓ. ஆபீஸில் கொடுத்து எச்.பி. என்கிற அந்தக் கடன் பதிவைக் கேன்சல் செய்தால்தான் வண்டி முழுசாக உங்களுடையது. தவணை முடிந்த சந்தோஷத்தில் பலர் இதை மறந்துவிடுகிறார்கள், விற்கப் போகும்போது அலைகிறார்கள்.

பில் போடும்போது அவசரப்படாதீர்கள். 2025 செப்டம்பர் 22 முதல் 350 சிசி வரை உள்ள வண்டிகளுக்கு ஜி.எஸ்.டி. 28 சதவீதத்திலிருந்து 18 ஆகக் குறைந்துவிட்டது. நம் மாநிலத்தில் ஒரு லட்சம் வரை விலையுள்ள வண்டிக்கு ஆயுள் வரி 10 சதவீதம், 2023 நவம்பரில் 8 சதவீதத்திலிருந்து ஏற்றினார்கள். வண்டி விலை, வரி, இன்சூரன்ஸ் என்று தனித்தனியாக எழுதித் தரச் சொல்லி, ஒவ்வொன்றாகக் கேளுங்கள். நான் வண்டி எடுத்த இடத்தில் "ஹேண்டிலிங் சார்ஜ்" என்று ஒரு தொகை இருந்தது. எதற்கு என்று கேட்டேன், பதில் வரவில்லை, நான் கொடுக்கவும் இல்லை. நம்பர் பிளேட் கம்பெனியிலிருந்தே வருகிறது, அதற்குத் தனிக்காசு கிடையாது. வண்டியோடு ஒரு ஹெல்மெட் தர வேண்டும் என்பது விதி, கேட்டு வாங்குங்கள். சேலை கார்டும் பின்னால் உட்காருகிறவர் பிடித்துக்கொள்ளும் கம்பியும் கட்டாயம் இருக்க வேண்டும். சுற்றிலும் போடும் இரும்புக் கம்பி, சீட் கவர், மேட் எல்லாம் உங்கள் இஷ்டம். பேக்கேஜ் என்று சொல்லித் தலையில் கட்டினால் மறுக்கலாம்.

பழைய வண்டி எடுக்கிறவர்களுக்குச் சுருக்கமாகச் சொல்கிறேன். காலையில், இன்ஜின் ஆறிக் கிடக்கும்போது போய், நீங்களே ஸ்டார்ட் செய்து பாருங்கள். ஆர்.சி.யில் இருக்கும் சேசிஸ் நம்பரை வண்டியில் இருப்பதோடு சரிபாருங்கள், கடன் பாக்கி இருக்கிறதா என்றும் பாருங்கள். பெயர் மாற்றாமல் ஒருநாள்கூட ஓட்டாதீர்கள்.

ஹெல்மெட்டைப் பற்றி நீங்கள் சொல்லும் சமாதானங்கள் எல்லாம் எனக்குத் தெரியும். கொண்டை இடிக்கிறது, பூ நசுங்குகிறது, வியர்க்கிறது. கொண்டையைக் கழுத்துக்கு இறக்கிப் பின்னலாகப் போடுங்கள், பூவைக் கம்பெனிக்கு வந்து வையுங்கள். மத்திய அரசின் சாலைப் போக்குவரத்துத் துறை கணக்குப்படி 2022இல் ஹெல்மெட் இல்லாமல் இறந்தவர்கள் 50,029 பேர். அதில் 14,337 பேர் பின்னால் உட்கார்ந்து போனவர்கள். பின்னால் உட்கார்ந்து போகிறவர்கள் நம் ஊரில் பெரும்பாலும் யார் என்று உங்களுக்கே தெரியும். அதனால் இரண்டு ஹெல்மெட் வாங்குங்கள், இரண்டிலும் ஐஎஸ்ஐ முத்திரை இருக்கட்டும், வார் பூட்டியிருக்கட்டும். ரோட்டோரத்தில் நூறு இருநூறுக்கு விற்கும் தொப்பி போலீஸுக்குக் காட்டத்தான் ஆகும். துப்பட்டாவை இரண்டு பக்கமும் முன்னால் எடுத்து இடுப்பில் முடிச்சுப் போட்டுக்கொள்ளுங்கள், முந்தானையை இழுத்துச் செருகிக்கொள்ளுங்கள். ராத்திரி ஷிப்ட் விட்டு வரும்போது லாரியின் இடதுபக்கம் நுழையவே நுழையாதீர்கள். அந்தப் பக்கம் டிரைவர் கண்ணுக்கு நீங்கள் தெரியமாட்டீர்கள். குன்னத்தூர் பக்கம் போகிறவர்கள் இரண்டு மூன்று பேராகச் சேர்ந்து கிளம்புங்கள், லைட் இல்லாத ரோடு அது.

கற்றுக்கொடுக்க ஆள் இல்லை என்பதுதான் பலரின் குறை. வீட்டில் கேட்டால் நேரமில்லை என்கிறார்கள், அல்லது கத்திக் கத்திச் சொல்லிக்கொடுத்துப் பயத்தைக் கூட்டிவிடுகிறார்கள். எங்கள் கம்பெனியில் ஓட்டத் தெரிந்தவர்கள் சிலர் சேர்ந்து, ஞாயிற்றுக்கிழமை காலையில் பக்கத்து சைட்டில் ஓட்டப் பழக்குகிறோம். உங்கள் கம்பெனியிலும் ஓட்டத் தெரிந்த அக்கா ஒருத்தியாவது இருப்பாள், போய்க் கேளுங்கள், மறுக்கமாட்டாள். பெட்ரோலுக்குப் பங்கு போட்டுக்கொள்ளுங்கள். எல்.எல்.ஆர். எடுத்துவிட்டு வாருங்கள். ரப்பர் செருப்பு வேண்டாம், காலைக் கவ்விப் பிடிக்கும் ஷூ போட்டு வாருங்கள். ஏழு மணிக்கு முன்னால் வந்தால் வெயிலுக்கு முன் இரண்டு மணி நேரம் கிடைக்கும்.

அன்புடன்,
பெருமாநல்லூர் ரோட்டிலிருந்து உங்கள் லைன் சூப்பர்வைசர் அக்கா